குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கும் குட்டி விசிறி!

குட்டீஸ்... வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அந்த வெயிலிலும் கோட்டை அகழித் தண்ணீர் கொதிப்பதில்லை. ஆனால், ரிமோட் படகின் பின்னால் சுழலும் புரொப்பெல்லர் என்ற குட்டி விசிறி, பச்சைத் தண்ணீரையே கொதிக்க வைத்துவிடும்!

எப்படி என்கிறீர்களா? விசிறியின் இறக்கை ஒரு பக்கத்தால் தண்ணீரைத் தள்ளும்போது, மறுபக்கத்தில் அழுத்தம் குறைகிறது. வேகம் கூடக் கூட அழுத்தம் மிகவும் குறைந்து, சூடே இல்லாமல் தண்ணீர் ஆவிக் குமிழ்களாகிவிடும். அப்புறம் விசிறிக்குத் தள்ளத் தண்ணீர் ஏது? மோட்டார் அலறும், படகின் வேகம் கூடாது. இதற்கு, 'கேவிடேஷன்' என்று பெயர்.

இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ் இதில் மாட்டிக்கொண்டு விழித்தார். 1894ல் அவர் விட்ட, 'டர்பினியா' கப்பல், எவ்வளவு முடுக்கியும் மணிக்கு 37 கி.மீ.,க்கு மேல் போகவில்லை. மனிதர் சளைக்கவில்லை. ஒரு தொட்டியில், வெறும் 5 செ.மீ., அகல விசிறியைச் சுழல விட்டுக் குமிழ்களைக் கவனித்தார். உங்கள் ரிமோட் படகில் இருக்குமே, அந்த அளவுதான்! பிறகு கப்பலில் ஒன்றுக்குப் பதிலாக ஒன்பது சிறிய விசிறிகளைப் பொருத்தினார். 1897ல் வேகம், 60 கி.மீ.,யைத் தாண்டியது. இன்றும் விசாகப்பட்டினத்தில் உள்ள கடற்படை ஆய்வகத்தில், இப்படித்தான் மாதிரி விசிறிகளைச் சோதிக்கின்றனர்.

பந்தய மாதிரிப் படகுகளில் ஒரு தந்திரம் உண்டு. விசிறியின் பாதி தண்ணீருக்கு மேலேயே சுழலும். பெரும்பாலும் இரண்டே இறக்கைகள். 4 செ.மீ., அகல விசிறி ஒன்று, ஒரு சுற்றுக்கு 5.6 செ.மீ., முன்னேறும் கோணத்தில் இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 20 ஆயிரம் சுற்று சுற்றினால், கணக்குப்படி மணிக்கு 67 கி.மீ.,! தண்ணீரில் வழுக்குவதால் நிஜத்தில் குறையும். பெரிய விசிறி போட்டால் இன்னும் பறக்குமே என்று ஆசைப்படாதீர்கள். மோட்டார் சூடேறிக் கருகிவிடும்.

பொம்மையோடு வரும் பிளாஸ்டிக் விசிறி, அதிவேகத்தில் வளைந்துகொடுக்கும். அடிப்பகுதியில் விரிசலும் விடும். அதனால் பித்தளை அல்லது பெரிலியம் கலந்த செம்பு விசிறியை வாங்குகின்றனர். அடி தடிமனாக, ஓரம் மட்டும் மெலிதாக இருப்பதே நல்ல விசிறி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் உங்கள் அம்மாவோ, அத்தையோ வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள். மடித்துத் தைக்க வேண்டிய ஓரத்தை மட்டும் சீவி மெலிதாக்குவர். நடுத்தோலில் கை வைக்க மாட்டார்கள்.

விசிறியின் துளையில் மெல்லிய கம்பியைச் செருகி, இரண்டு டம்ளர்களின் விளிம்பில் கிடத்துங்கள். ஒரே இறக்கை திரும்பத் திரும்பக் கீழே வந்தால், அதுதான் கனம். பித்தளை என்றால், பெரியவர் ஒருவர் அதன் பின்பக்கத்தை ஈரமான உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். பெரிலியம் விசிறியை மட்டும் வீட்டில் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். கனம் சரியாக இல்லாத விசிறி அதிர்ந்து, உடைந்து, துண்டு பறந்து வரலாம். தண்ணீரில் இறக்கும் நேரம் வரை பேட்டரியை இணைக்காதீர்கள். விரல் என்றால் விசிறிக்குத் தெரியாது!

என்.சி.சி., கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குக் கப்பல் மாதிரி செய்வதற்கென்றே அகில இந்தியப் போட்டி நடக்கிறது. உங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று, நாளைக்கே பி.டி., சாரிடம் விசாரியுங்கள்.