எட்ட நின்று எடுக்கிற படம்: டெலி ஜூம் லென்சுகள் குறித்து

கேமரா வாங்கிய ஆறாவது மாதம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். 'கூட வந்த லென்ஸ் பத்தலப்பா. தூரத்துல இருக்கறத இழுக்கிற மாதிரி ஒண்ணு வாங்கணும். எது வாங்கலாம்?' கம்பம், சின்னமனூர், போடி என்று எந்த ஊர் நண்பர் கேட்டாலும் இந்த 'இழுக்கிற' என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. தூரத்தில் இருப்பதை லென்ஸ் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நம் முன்னால் நிறுத்துகிறது என்பதாக ஒரு நம்பிக்கை. கடையில் விற்பதும் இந்த நம்பிக்கையைத்தான். 250, 300, 600 என்று எண் கூடக்கூட இழுக்கிற பலம் கூடும், பலம் கூடக்கூட விலையும் கூடும். கயிறு வியாபாரம் மாதிரி.

லென்ஸ் எதையும் இழுப்பதில்லை. எதிரே விரிந்து கிடக்கிற காட்சியில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதைச் சட்டகம் முழுக்கப் பரப்பிக் காட்டுகிறது. எதை வெட்டுகிறோம், எங்கே நின்றுகொண்டு வெட்டுகிறோம் என்பதைப் பேசாமல் மில்லிமீட்டரை மட்டும் வைத்து லென்சுகளை ஒப்பிட முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்காக மில்லிமீட்டரைப் பேசாமலும் விட முடியாது. நம்முடைய கோட்பாட்டு நண்பர்கள் 'பார்வையின் அதிகாரம்' பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கையில் இருக்கிற கேமராவின் சென்சார் என்ன அளவு என்று கேட்டால் விழிப்பார்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

நம்மில் பலர் வைத்திருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமரா. சென்சாரின் அகலம் ஏறத்தாழ 22 அல்லது 23 மில்லிமீட்டர். இந்த அகலத்தை லென்சின் குவியத் தொலைவால் வகுத்து, நிற்கிற தூரத்தால் பெருக்கினால், படத்தின் அகலத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்பது வந்துவிடும். மேகமலையில் 100 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் பெரிய இருவாச்சி உட்கார்ந்திருக்கிறது. 250 மி.மீ. லென்சில் அந்தத் தூரத்தில் அடங்குவது சுமார் 9 மீட்டர். இருவாச்சி ஒரு மீட்டர் நீளம் வருகிற பறவை, இருந்தும் படத்தில் அது ஒன்பதில் ஒரு பங்குதான். 600 மி.மீ. என்றால் அடங்குவது 3.7 மீட்டர், பறவை கால்வாசிப் படத்தை நிரப்பும். 250 லென்சை வைத்துக்கொண்டு 42 மீட்டர் வரை நெருங்கிப் போனாலும் பறவைக்கு அதே அளவு கிடைத்துவிடும். நெருங்க முடியுமா, நெருங்கலாமா என்பதுதான் பாக்கி.

'டெலி', 'ஜூம்' இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீண்ட குவியத் தொலைவைக் குட்டையான குழாய்க்குள் அடக்குகிற டெலி அமைப்புக்கு 1891-இல் டால்மேயர் காப்புரிமை பெற்றார். குவியத் தொலைவை மாற்றிக்கொண்டே போகிற ஜூம், நிழற்படக் கேமராவுக்கு வந்தது 1959-இல்: ஃபாய்க்ட்லேண்டரின் 36-82 ஜூமார். அதே ஆண்டில் நிக்கான் 85-250 ஒன்றைக் கொண்டுவந்தது. இன்று நம் தோளில் தொங்குவதெல்லாம் இந்த இரண்டாவதின் பேரப்பிள்ளைகள்.

இனி கடைச் சரக்கு. அதிகம் பேர் ஏமாறுவது கேனான் 75-300-இல். '300' என்ற எண்ணுக்காக வாங்குகிறார்கள். இதில் ஸ்டெபிலைசர் கிடையாது. 300-க்கு நீட்டினால் படம் குழைகிறது, எஃப் 8-க்கு அபர்ச்சரைச் சுருக்கினால் கொஞ்சம் தேறும். இதைவிட 2013-இல் வந்த 55-250 எஸ்டிஎம் எத்தனையோ மேல். எடை 375 கிராம்தான், ஸ்டெபிலைசர் உண்டு, விளிம்புகளும் கூர்மை. 50 மி.மீ. குறைகிறதே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டலாம். 100 மீட்டர் தூரத்தில் 9 மீட்டருக்குப் பதில் ஏழரை, வித்தியாசம் அம்புட்டுதான். அந்த ஒன்றரை மீட்டருக்காக ஆடிப்போன படத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனமில்லை. நிக்கான்காரர்களுக்கு ஏஎஃப்-பி 70-300 நல்ல லென்ஸ். ஆனால் அதில் விஆர் என்கிற ஸ்டெபிலைசர் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு உருப்படி இருக்கிறது. பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். டி90 மாதிரிப் பழைய கேமராக்களில் இது தானாக ஃபோகஸ் பண்ணாது. செகண்ட் ஹேண்டில் பழைய உடலும் புது லென்சுமாகச் சேர்த்து வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

அடுத்த படி, இரண்டு கிலோக்காரர்கள். டாம்ரான் 150-600 2013 கடைசியில் அறிவிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு சிக்மா 150-600, 2015-இல் நிக்கான் 200-500. இவை வருகிறவரை 600 மி.மீ. என்பது லட்சங்களில் புரள்கிறவர்களின் பொருள். இவை வந்தபிறகுதான் வாத்தியார்களும் வங்கி ஊழியர்களும் வைகை அணைக்கரையில் பறவைக்குப் போய் உட்கார முடிந்தது. ஒரு வகையில் இது ஜனநாயகப்படுத்தல்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்றில் நிக்கானுக்கு ஒரு சாதகம், கடைசி வரை எஃப் 5.6. மற்ற இரண்டும் 600-இல் எஃப் 6.3. இது மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சம். சாதாரண ஊர்களில் பெரிய விஷயமில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் விஷயம்தான். கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலைத் தொடர். சூரியன் மலையைத் தாண்டி எழுந்து வரவும் நேரமாகும், மறுபக்கம் மலைக்குப் பின்னால் போவதும் சீக்கிரம். காலண்டர் சொல்கிற உதயமும் அஸ்தமனமும் இங்கே செல்லாது. பறவையும் விலங்கும் நடமாடுகிற நேரமோ அந்த அரை இருட்டு. கேனான் ஆர்எஃப் 100-400 என்ற 635 கிராம் லென்சை (2021) எடை குறைவு என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள், நியாயமான பாராட்டுதான். ஆனால் 400-இல் அது எஃப் 8. 5.6-இல் கிடைக்கிற வெளிச்சத்தில் பாதி. ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், தாவுகிற சிங்கவால் குரங்கை அசையாமல் நிறுத்தாது. உச்சி வெயிலில் வேறு பிரச்சினை. வயல் மேல் கானல் அலையடிக்கும்போது 600-இல் எடுத்த எதுவும் கூர்மையாக வராது. லென்சைத் திட்டிப் பிரயோசனமில்லை, இடையில் இருக்கிற காற்றும் படத்தில் ஒரு பாத்திரம்.

இந்த 'இடையில் இருப்பது' என்பதைத்தான் டெலி லென்ஸ் மறைத்துவிடுகிறது. தூரத்துப் பொருட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பது போல டெலி படங்களில் தெரியும். 'லென்ஸ் அமுக்குது' என்பார்கள். லென்ஸ் அமுக்குவதில்லை. நாம் எட்ட நிற்பதுதான் அமுக்குகிறது. பத்து மீட்டர் இடைவெளியில் இருவர் நிற்கிறார்கள். முதல் ஆளுக்கு ஐந்து மீட்டரில் நின்று எடுத்தால் பின்னால் இருப்பவர் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்துப் போவார். நூறு மீட்டர் தள்ளி நின்றால் இருவரும் ஏறத்தாழ ஒரே உயரம், தோளோடு தோள். அந்த இடத்தில் நின்று அகல லென்சில் எடுத்து, நடுவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் இதே படம்தான் வரும்.

2020 ஏப்ரலில் டென்மார்க்கின் நிழற்படக்காரர்கள் இருவர் ஒரே கூட்டத்தை அகல லென்சிலும் டெலியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் ஆட்கள் விலகி நிற்கிறார்கள், மற்றதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கொரோனாக் காலத்தில் 'ஜனங்கள் அடங்கவில்லை' என்ற சொல்லாடலுக்கு உலகமெங்கும் பத்திரிகைகள் எந்த லென்சைக் கையில் எடுத்தன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இது நமக்கும் பொருந்தும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் கம்பம் பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்து குமுளியை நோக்கி நடந்தது. அப்படி ஒரு ஊர்வலத்தை 24-இல் எடுத்தால் சாலை தெரியும், நடக்கிறவனின் முகம் தெரியும், பக்கத்து ஆளுக்கும் அவனுக்கும் நடுவில் உள்ள இடம் தெரியும். 300-இல் எடுத்தால் தலைகளின் சுவர். 'கடல் அலையெனத் திரண்ட மக்கள்' என்று நாம் தலைப்பு வைப்பதும், 'கலவரக் கும்பல்' என்று அவர்கள் தலைப்பு வைப்பதும் அதே படத்துக்குத்தான்.

விலங்கு விஷயத்தில் நிலைமை தலைகீழ். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் வந்தது. சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்ட யானை, தன் இடத்தைத் தேடி அலைந்துகொண்டிருந்தது. தெருவில் ஒருவர் தாக்கப்பட்டு, பிறகு மருத்துவமனையில் இறந்தார். 144 தடை போட வேண்டியதாயிற்று. ஜூன் 5-இல் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கிறவரை பள்ளத்தாக்கு முழுக்க அதே பேச்சு. அந்த நாட்களில் எடுக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை செல்போன் படங்கள். செல்போனில் யானை பெரிதாக வேண்டுமானால் யானையிடம் போக வேண்டும். போனார்கள். டிரோன் பறக்கவிட்டு யானையை மிரள வைத்ததாக ஒருவர் மேல் வழக்கும் பதிவாயிற்று. இங்கே எட்ட நிற்பதுதான் மரியாதை. இரண்டு கிலோ லென்ஸ் தன் எடைக்கு நியாயம் செய்கிற இடம் இது. மேகமலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. சரணாலயத்துக்குள் படமெடுக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். விலங்கிடம் அனுமதி கேட்க வழியில்லை, அதனால் தூரத்தையே அனுமதியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மா. கிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1996-இல் மறைந்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்ட ஒரு கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தவர். அவர் படங்களில் யானை தனியாகத் தொங்குவதில்லை. புதர் இருக்கும், மூங்கில் இருக்கும், அது நிற்கிற நிலம் இருக்கும். இன்றைய 600 மி.மீ. படங்களில் பின்னணி முழுக்கப் பச்சைக் குழம்பு. காட்டைத் துடைத்துவிட்டுப் பறவையை மட்டும் நகைக்கடை வெல்வெட்டில் வைத்தது போல. ஐந்து லட்சம் கேமராவும் ஒட்டுக் கேமராவும் வேறு வேறு காட்டைப் பார்க்கின்றன.

மனிதர்களிடம் வருவோம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் பளியர் பற்றிய பதிவும் உண்டு. தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். அளப்பதற்காவது அவர் கிட்டே போக வேண்டியிருந்தது, அளக்கப்பட்டவருக்குத் தான் அளக்கப்படுவது தெரிந்திருந்தது. இன்று தேயிலை கிள்ளுகிற பெண்ணை, பளியக் குடியிருப்பின் குழந்தையைச் சாலையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி 300-இல் எடுத்துக்கொண்டு போகிறவரை யாரும் பார்ப்பதில்லை. 'இயல்பாக' வரும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படுகிற நியாயம். அவருக்குத் தெரியாமல் இருப்பதற்குப் பெயர் இயல்பு.

நானும் எடுத்திருக்கிறேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் திராட்சைக் கூடையைத் தலையில் ஏற்றுகிற ஒரு அம்மாவை. நல்ல படம் என்று நினைத்தேன், ஒரு சிற்றிதழின் அட்டையிலும் வந்தது. பெருமையாக ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'அங்கிட்டு இருந்தா எடுத்த?' என்றார். 'வந்து கேட்டிருந்தா அந்தப் பழைய சட்டையக் கழட்டிப் போட்டுட்டு நின்டுருப்பேன்ல தம்பி' என்றார். வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற ஆண் சட்டை அது. எனக்கு அதுதான் 'உழைப்பின் குறியீடு'. அவருக்கு அது அழுக்குச் சட்டை. இரண்டு வாசிப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு வாய்க்கால், தாண்டினால் பத்தடி.

அப்படியானால் மனிதர்களை டெலியில் எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். எந்தத் திசையில் நீட்டுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்னால் கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் ஏறுகின்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதை ஆவணப்படுத்த விரும்புகிற தோழர், ஜீப்பை மறித்து அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தடியடியைப் பதிவு செய்கிறவருக்கும் எட்ட நிற்பது கவசம். அதிகாரத்தைப் பார்க்கிறபோது தூரம் பாதுகாப்பு, அதிகாரமற்றவரைப் பார்க்கிறபோது அதே தூரம் திருட்டு. ஜீப் படத்தில் இரண்டும் கலந்திருக்கிறது என்பதுதான் சிக்கல்: ஜீப்புக்காரனை நோக்கி நீட்டிய லென்சில் அந்தப் பெண்களின் முகமும் விழுகிறது. முகம் தெரிந்தால் மறுநாள் வேலை போகலாம். நம்பர் பிளேட்டும் ஆள் எண்ணிக்கையும் தெரிகிற மாதிரி, முகம் விழாமல் பின்னாலிருந்து எடுக்கச் சொன்னேன். அந்த நேரத்து வெளிச்சத்தில் எஃப் 5.6-இல் ஓடுகிற ஜீப் சரியாக வராது, வளைவில் வேகம் குறைகிற இடத்தில் நிற்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் 55-250 எஸ்டிஎம் வாங்கினார், செகண்ட் ஹேண்டில். ஜீப் வேலைக்கு அது போதும். திராட்சைப் பந்தலுக்கு அடியில் அது உதவாது, கொடியும் கல்தூணும் குறுக்கே நிற்கும், கையெட்டுகிற தூரத்தில் போய்ப் பேசிக்கொண்டுதான் எடுக்க வேண்டும், அதனால் கேமராவோடு வந்த 18-55-ஐ விற்றுவிடாதீர்கள் என்று போனில் சொன்னேன். டெலி லென்சுக்குக் காசு குறைந்ததால் அதைத்தான் முந்தின நாள் விற்றிருந்தார்.