டி. எஸ். பாலையாவும் வில்லன் வேடமும்



தாமிரபரணிக் கரையிலுள்ள பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா என்றால் அந்நாளில் பெரும்பாலும் வீரபாண்டியக் கட்டபொம்மன் நாடகந்தான். கட்டபொம்மன் வேடத்துக்குப் பத்துப் பேர் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்கள். ஊமைத்துரைக்கும் வெள்ளையத்தேவனுக்கும் போட்டி இருக்கும். ஜாக்சன் துரைக்குக்கூட, தொப்பியும் பூட்ஸும் கிடைக்கும் என்ற ஆசையில், ஆள் அகப்படுவான். எட்டப்பன் வேடத்துக்குத்தான் ஒருவரும் முன்வரமாட்டார்கள். 1963ஆம் ஆண்டில், நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, அந்த வேடம் என் தலையில் விழுந்தது.

ஒத்திகையில் நான் புருவத்தை நெரித்தேன், பல்லைக் கடித்தேன், கையைப் பிசைந்தேன். எங்கள் தமிழாசிரியர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இப்படி ஒருவன் எதிரே வந்தால் யாரப்பா அவனை நம்பிக் கெடுவான்? கூடாரக் கொட்டகையில் மதுரை வீரன் ஓடுகிறது, போய்ப் பாலையாவைப் பார்த்துவிட்டு வா” என்றார். வில்லன் நடிப்பைப் பற்றி நான் கேட்ட முதல் பாடமும் அதுதான். இன்றுவரை மறக்காத பாடமும் அதுதான்.

பிசான அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடக்கும் பருவத்தில்தான் எங்கள் பக்கம் டூரிங் டாக்கீஸ் வந்து கூடாரம் போடும். மணல் தரையில் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். 1956இல் வெளிவந்த அப்படத்தில் பாலையாவுக்கு நரசப்பன் வேடம். பொம்மியை மணக்க விரும்பி, அது கைகூடாமற்போகவே பழிவாங்கத் துடிப்பவன் நரசப்பன். வீரம் சிறிதுமில்லை, வாய் மட்டும் நீளம். அவன் தோன்றும் போதெல்லாம் கூடாரத்தில் சிரிப்பு எழுந்தது; ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே அவன் செய்த சூழ்ச்சி பலித்துவிடும். சிரித்தவர்களே திட்டத் தொடங்குவார்கள். “கரிமுடிவான்!” என்று ஆச்சி மண்ணை வாரித் தூற்றினாள்.

யார் இந்தப் பாலையா? டி. எஸ். என்னும் முதலெழுத்துகளில் ‘டி’ என்பது திருநெல்வேலியே. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், சுண்டங்கோட்டை என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1986இல் மாவட்டம் பிரிந்தபின் அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டது. இளமையிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து மேடையில் வளர்ந்தவர்.

நாடகக் குழு என்றதும் இன்னொரு நெல்லைச் சீமைக்காரரை நினைக்காமல் இருக்க முடியாது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடகம் எழுதியவராகவே அவரை நீங்கள் படித்திருப்பீர்கள். நடிகராக அவர் ஏற்றவை எமன், இராவணன், இரணியன், சனீசுவரன் போன்ற வேடங்கள். சனீசுவரன் வேடமிட்டு இரவெல்லாம் நடித்துவிட்டு, விடியற்காலையில் ஒப்பனையைக் கலைக்க அவர் நீர்த்துறைக்குச் சென்றபோது, எதிர்ப்பட்ட கருவுற்ற பெண் ஒருத்தி அந்தக் கோலத்தைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தாள் என்றும், அதன் பின் அவர் வேடம் புனைவதையே விட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். அக்காலத்துக் கொடியவன் வேடம் எப்படிப்பட்டது என்பதற்கு இக்கதை ஒன்றே போதும். கரிய பூச்சு, கோரைப்பல், இடிக்குரல். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் அச்சம் போய்ச் சேர வேண்டுமல்லவா?

1931இல் தமிழ் பேசும் படம் வந்தது. முகத்துக்கு அருகே காமிராவும் தலைக்கு மேலே ஒலிவாங்கியும் வந்தபின் கோரைப்பல்லுக்கும் இடிக்குரலுக்கும் வேலை குறைந்தது. ஆனால் மேடைப் பழக்கம் எளிதில் போகுமா? பலர் காமிராவுக்கு முன்னும் கடைசி வரிசைக்கே நடித்துக்கொண்டிருந்தார்கள். பாலையா அப்படிச் செய்யவில்லை என்பதே என் கருத்து.

1936இல் வெளிவந்த சதி லீலாவதி அவருடைய முதற்படம். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய முதல் தமிழ்ப் படமும் அது, எம்.ஜி.ஆருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே முதற்படம். எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. அதில் பாலையாவின் வேடம் இராமநாதன். இவன் வாளெடுத்து வருபவன் அல்லன், கதாநாயகனின் தோழன். கூடவே இருந்து, குடிக்கப் பழக்கி, கடனில் இறக்கி, குடும்பத்தைச் சிதைப்பவன். எமனைக் கண்டால் ஓடலாம். நண்பனைக் கண்டு யார் ஓடுவார்? தமிழ்ப் படத்தில் பாலையா தொடங்கிவைத்த வில்லன் இவன்தான். மறு ஆண்டிலேயே டங்கனின் அம்பிகாபதியில் தியாகராஜ பாகவதருக்கு எதிராகத் தளபதி உருத்திரசேனனாக வந்து, அரசவைக் கதைக்கும் அதே நயவஞ்சகத்தைக் கொண்டுசேர்த்தார்.

இனிக்கப் பேசிக் கெடுக்கும் இந்தப் பாத்திரம் நம் ஊருக்குப் புதிதன்று. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் சீவக மன்னனை ஆட்டிவைக்கும் அமைச்சன் குடிலன் இத்தகையவனே. அவன் சொற்கேட்டு மன்னன் கோட்டை கட்டியதும் இந்த நெல்லையில்தான். அந்நாடகம் 1942இல் மனோன்மணி என்று படமானபோது அதிலும் பாலையா நடித்தார்.

அவர் கையாண்ட கருவி குரல். ஒரு சொல்லை இழுத்துக்கொண்டே போய்த் திடீரென்று நறுக்குவார்; பணிவாகத் தொடங்கிய வாக்கியம் முடியும்போது அதட்டலாகியிருக்கும்; அதட்டத் தொடங்கியது குழைவில் போய் முடியும். கேட்பவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சை மாற்றுகிறான் என்பது நமக்குப் புரியும். படத்தில் கேட்பவனுக்கு மட்டும் புரியாது. இந்த இடைவெளியில்தான் அச்சமும் பிறக்கிறது, நகைப்பும் பிறக்கிறது. 1954இல் வந்த தூக்குத் தூக்கியில் கொச்சைத் தமிழ் பேசும் சேட்டாக வந்து, பிறன்மனை கவரும் கயவனையே சிரிப்புக்கு உரியவனாக்கினார்.

பி. எஸ். வீரப்பாவை அவருடைய சிரிப்பைக் கொண்டே இருட்டிலும் அடையாளம் கண்டுவிடலாம். எம். என். நம்பியாருக்கு உருட்டும் விழியும் பிசையும் கையும். இருவரும் பெருங்கலைஞர்கள். ஆயினும் அவர்கள் வரும்போதே ஆபத்து வருகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பாலையா வந்தால் தெரியாது. அதனால்தான் 1949இல் அண்ணாவின் வேலைக்காரி படமானபோது, கதாநாயகனுக்கு வழிகாட்டும் நல்ல நண்பன் மணியாகவும் அவரே நடிக்க முடிந்தது. கெடுத்த நண்பனுக்கும் காத்த நண்பனுக்கும் முகம் ஒன்றே!

ஆங்கில நாட்டு நடிகர் பேசில் ராத்போனின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1935இல் டேவிட் காப்பர்பீல்டு படத்தில் சிறுவனை வதைக்கும் மர்டுஸ்டோன், 1938இல் ராபின் ஹூட்டின் எதிரி கிஸ்போர்ன் பிரபு என்று கொடியவராகவே புகழ்பெற்றவர், 1939 முதல் 1946 வரை பதினான்கு படங்களில் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தார். பிறகு உலகம் அவரை வேறெவராகவும் காண மறுத்தது. அது அவருக்கு மனக்குறையாகவே இருந்தது. ஒரு கூட்டிலிருந்து தப்பி இன்னொரு கூட்டில் அடைபட்டார். பாலையாவை எந்தக் கூடும் பிடித்துவைக்கவில்லை.

பாகப்பிரிவினையில் (1959) மனைவியின் பேச்சுக்கும் தம்பியின் பாசத்துக்கும் நடுவே தவிக்கும் அண்ணன். தில்லானா மோகனாம்பாளில் (1968) தவில் வித்துவான் முத்துராக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, 1965இல் வந்த திருவிளையாடலில் ஹேமநாத பாகவதர். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்துப் பாண்டிய நாட்டையே எள்ளி நகையாடும் அந்தச் செருக்கு, பழைய வில்லனின் செருக்கேதான். அன்றிரவு வாசலில் விறகுவெட்டி ஒருவன் பாடுகிறான். பாலையா கேட்கிறார். பாணபத்திரர் தள்ளிவிட்ட மாணவனே இவ்வளவு பாடுகிறான் என்றால் ஆசான் எப்படிப் பாடுவார் என்ற கலக்கம் அந்த முகத்தில் ஏறுவதைப் பாருங்கள். அவர் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போவதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. இத்தனை காலம் பிறர் முகத்தை அளந்து பேசியவருக்குத்தான், கேட்பவன் முகம் எப்படி மாறும் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

1972ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் பாலையா மறைந்தார். இன்றைய மாணவர்களில் பலர் அவரை வேடிக்கை மனிதராக மட்டுமே அறிவார்கள். காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, அவர் நடுங்கி ஒடுங்கும் காட்சிதான் அதற்குக் காரணம்.

என் எட்டப்பன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? கட்டபொம்மனிடம் புன்னகையோடு பேசினேன். கைதட்டலும் கிடைத்தது, ஓராண்டு காலம் ‘எட்டப்பா’ என்ற பெயரும் கிடைத்தது. படித்துறையில்கூட என் பக்கத்தில் துணியை வைக்கமாட்டேன் என்று விளையாடினார்கள். விளையாட்டுத்தான்; ஆனாலும் ஒரு நாள் அழுதுவிட்டேன்.

காதலிக்க நேரமில்லை 1964இல் வெளியானபோது ஆச்சியைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். வண்ணப்படம். கொட்டகை முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. பேய்க்கதைக் காட்சியிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, “பொறுல, இவன் எவன் குடியைக் கெடுக்கப் போறான்னு பாரு” என்றாள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் சிறிது நேரம் எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“ஏல, அவன் கடைசி வரைக்கும் ஒண்ணுஞ் செய்யலையே!”