செடி நம்முடையது, ஆய்வு யாருடையது?

குமாரலிங்கபுரம் பக்கம் எந்த வேலியோரத்திலும் நித்தியகல்யாணியைப் பார்க்கலாம். தென்மாவட்டங்களில் இதை மானாவாரியாகப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து மருந்துக்கு விற்கிறார்கள். இலையிலிருந்து பிரித்தெடுக்கும் வின்கிறிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதை எந்த அளவில், எந்த மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது என்ற அறிவு நெடுங்காலம் மேலைநாட்டு ஆய்விதழ்களிலிருந்தே வந்தது.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளோ பெரும்பாலும் பணக்கார நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே கண்டது இங்கே அப்படியே பொருந்துமா?

பொருந்தாது என்பதற்குச் சென்னையே சாட்சி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து, 1980-களில் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைமுறைக்கு வந்தன. அதற்குமுன், நான்காண்டு நோய் திரும்பாமல் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 20-க்கும் குறைவு. பிறகு அது 45 முதல் 60 வரை உயர்ந்தது.

அந்தச் சிகிச்சைமுறை பற்றிய ஆய்வு சொன்ன மற்ற செய்திகள்தான் என்னை அதிகம் உலுக்கின. மேலைநாடுகளில் நோயாளியின் வயதையும் வைத்துப் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கிறார்கள். இங்கே மூன்று மருத்துவமனைகளிலுமே வயது அப்படிப் பயன்படவில்லை. நம் நோயாளிகள் நெறிகட்டி, ஈரலும் மண்ணீரலும் வீங்கி, நோய் முற்றிய நிலையில் வந்தார்கள். டி-செல் வகை ரத்தப் புற்றுநோய், குறிப்பாகச் சென்னையில், கூடுதலாக இருந்தது. சிகிச்சையின் கடுமை தாங்காமலே இறந்தவர்களும் அதிகம். பாஸ்டனில் எவ்வளவு அருமையான ஆய்வு நடந்தாலும் திருச்சுழிப் பிள்ளையைப் பற்றி இதைச் சொல்லியிருக்காது.

ஒரு வருத்தம் உண்டு. 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரம் அச்சேறியது 2005-இல். நோயாளிகள் நிரம்பி வழியும் வார்டில் நிற்கும் மருத்துவருக்கு எழுத நேரமில்லை. பதிவேடு பராமரிக்கத் தனி ஆளும், தரவைக் கணக்கிடப் புள்ளியியலாளரும் சம்பளத்தோடு வேண்டும்.

நெடுங்காலம் இந்தியக் கட்டுரைகளில் பல, ஒரே மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புரட்டி எழுதப்பட்டவை. இப்போது போக்கு மாறுகிறது. பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘ஐசிக்கிள்’ ஆய்வு, பிழைக்கும் வாய்ப்பு குறையாமல் மருந்தின் நச்சைக் குறைக்க முடியுமா என்று நம் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்க்க முனைந்தது.