தொழில் புரியும் தாதியரும் இணையவழிப் பட்டமும்



என்னிடம் முன்னர் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயோர்க் மாநிலத்து வைத்தியசாலை ஒன்றிலே தாதியாகக் கடமையாற்றுகின்றாள். சில மாதங்களுக்கு முன்னர் அவள் தொலைபேசியில் அழைத்து, "சேர், ஆறு மாதத்திலே பட்டம் தருவதாக ஒரு கல்லூரி விளம்பரம் செய்கிறது. கட்டணமும் குறைவாம். சேரலாமோ?" என்று வினவினாள். நானோ கலைப் பட்டதாரி, தாதியியல் அறியேன். ஆயினும் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் தராதரப் பத்திரங்களோடு பழகியவன். "அவசரப்படாதே பிள்ளை, இருவருமாக விசாரித்துப் பார்ப்போம்" என்றேன். அவ்வாறு விசாரித்து அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். கடல் கடந்து சென்று தாதித் தொழில் புரிவோர் எங்கள் குடும்பங்களிலே பலர் உளர். ஆதலின் இது பலருக்கும் பயன்படக்கூடும்.

ஏற்கெனவே தாதியாகத் தொழில் புரியும் ஒருத்திக்கு மீண்டும் பட்டம் எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. பிளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1860ஆம் ஆண்டு இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையிலே தாதியர் பாடசாலையைத் தொடங்கிய காலந்தொட்டு, இக்கல்வி பெரும்பாலும் வைத்தியசாலைகளைச் சார்ந்தே நடைபெற்று வந்தது. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டு மின்னெசோற்றாப் பல்கலைக்கழகம் அதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. பின்னர், 1952ஆம் ஆண்டு மில்ட்றெட் மொன்ராக் என்னும் அம்மையாரின் முயற்சியால், இரண்டாண்டுத் துணைப்பட்டக் கல்வி சிறு கல்லூரிகளிலே பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது. வைத்தியசாலை டிப்ளோமா பெற்றவரும், துணைப்பட்டம் பெற்றவரும், நான்காண்டு கற்று இளமாணிப் பட்டம் பெற்றவரும் ஆகிய மூவகையினரும் இன்றும் அங்கு ஒரே அனுமதிப் பரீட்சைக்கே தோற்றுகின்றனர்.

அனுமதி ஒன்றாயினும் மதிப்பு ஒன்றாக இருக்கவில்லை. பேராசிரியை லின்டா ஐக்கின் அவர்களும் அவருடைய துணைவரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2003இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். பட்டம் பெற்ற தாதியரின் பங்கு நூற்றுக்குப் பத்து உயருமிடத்து, சத்திர சிகிச்சை பெற்ற நோயாளர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து குறைந்திருக்கக் கண்டனர். இதனால், பட்டமில்லாத தாதி திறமையற்றவள் என்பது பொருளன்று. கல்வி உயிரோடு தொடர்புடையது என்பதே பொருள். 2010இல் அந்நாட்டு மருத்துவ நிறுவனம், தாதியருள் நூற்றுக்கு எண்பதின்மர் 2020ஆம் ஆண்டளவில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என விதந்துரைத்தது. அவ்வாண்டிலே அவ்விலக்கு எட்டப்படவில்லை. நியூயோர்க் மாநிலமோ 2017 டிசெம்பரில் சட்டமே இயற்றிற்று. அதன்படி, புதிதாக அனுமதி பெறும் தாதியர் பத்தாண்டுகளுக்குள் தாதியியலில் இளமாணிப் பட்டம் பெறல் வேண்டும். முன்னரே அனுமதி பெற்றிருந்தோர்க்கு விலக்கு உண்டு. என் மாணவி துணைப்பட்டம் கற்று 2021இல் அனுமதி பெற்றவள். எனவே, அவளுக்குரிய காலக்கெடு 2031 ஆகும்.

இரவுக் கடமையும், வீடும், இரு பிள்ளைகளும் உடைய ஒருத்தி நாள்தோறும் கல்லூரிக்குச் செல்வது எங்ஙனம்? இந்நிலையினருக்காகவே இணையவழிப் பட்டப்படிப்புகள் எழுந்தன. இங்கு ஒரு செய்தியைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இப்படிப்பு விரைவில் முடிவதற்குக் காரணம், எவரோ கண்டுபிடித்த குறுக்குவழியன்று. மாணவி முன்னரே கற்றவை கணக்கிற் கொள்ளப்படுவதே காரணமாகும். அங்கு இளமாணிப் பட்டத்திற்குப் பெரும்பாலும் 120 பாட அலகுகள் வேண்டும். இவற்றை 'கிரெடிற்' என வழங்குவர். துணைப்பட்டத்தில் ஏறத்தாழ அறுபது அலகுகள் முன்னரே கிடைத்திருக்கும். அனுமதிப் பரீட்சையில் சித்தியடைந்தமைக்காகவும் பல பல்கலைக்கழகங்கள் ஒரு தொகுதி அலகுகளை வழங்குகின்றன. எஞ்சிய முப்பது அலகளவே புதிதாகக் கற்க வேண்டியதாயின், ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ படிப்பு நிறைவெய்தும். ஆகவே, "எத்தனை மாதம்?" என்று வினவுவதிலும் "நான் கற்றதில் எவ்வளவை ஏற்கின்றீர்கள்?" என்று வினவுவதே அறிவுடைமை.

ஆயினும், அதற்கும் முன்னர் வினவ வேண்டியது அங்கீகாரம் பற்றியது. தாதிக் கல்வியின் தரத்தை ஆராய்ந்து சான்று வழங்க அந்நாட்டிலே தனி அமைப்புகள் உள்ளன. சி.சி.என்.ஈ., ஏ.சி.ஈ.என். என்னும் சுருக்கப் பெயர்களால் வழங்குவன அவற்றுள் முக்கியமானவை. குறித்த படிப்பு இவற்றுள் ஒன்றின் பட்டியலில் உண்டா என்பதை, கல்லூரியின் சொல்லை நம்பாது, அவ்வமைப்பின் இணையத்தளத்திலேயே பார்த்தல் வேண்டும். அங்கீகாரமற்ற பட்டத்தைக் கொண்டு முதுமாணிப் படிப்பிற்குச் செல்லுதல் அரிது. இதிலும் கொடிய ஆபத்து ஒன்றுண்டு. 2023 சனவரியில், புளோரிடா மாநிலத்தைச் சார்ந்த மூன்று தாதியர் பாடசாலைகளின் பெயரால் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டமையை அந்நாட்டு அரசு வெளிப்படுத்திற்று. அவ்விசாரணைக்கு நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரே இடப்பட்டிருந்தது! சான்றிதழை விலைக்கு வாங்கியோர் பலர் தம் அனுமதியையும் இழந்தனர். கல்லாமற் பெற்ற பத்திரம் வாங்கியவளை மட்டுமன்றி, அவள் கையை நம்பிக் கட்டிலிற் கிடக்கும் நோயாளியையும் கெடுக்கும்.

அடுத்தது கட்டணம். ஓர் அலகின் விலையை மட்டும் பார்த்து மயங்குதல் கூடாது. உதாரணமாக, ஒரு கல்லூரி அலகொன்றுக்கு 300 டொலர் கேட்கின்றது. முப்பது அலகு கற்றாற் போதும் என்கின்றது. மற்றொன்று 220 டொலரே கேட்கின்றது. ஆனால், பழைய கல்வியிற் பாதியை ஏற்காது, ஐம்பது அலகு கற்கச் சொல்கின்றது. முன்னையதற்கு 9,000 டொலர். பின்னையதற்கு 11,000 டொலர். மலிவு எனத் தோன்றியதே விலை கூடியதாயிற்று. இனி, அலகுக்கன்றித் தவணைக்குக் கட்டணம் அறவிடும் முறையும் உண்டு. மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் கூடி 1997இல் நிறுவிய வெஸ்ரேண் கவர்ணர்ஸ் பல்கலைக்கழகம் அவ்வகையது. ஆறு மாதத் தவணைக்கு ஒரே கட்டணம். அதற்குள் எத்தனை பாடமும் முடிக்கலாம். ஓய்வுள்ளவளுக்கு இது இலாபம். தவணைக்குத் தவணை பின்தங்குபவளுக்கு நட்டம். எம்முறையாயினும் நூல், தொழில்நுட்பம், பட்டமளிப்பு முதலியவற்றுக்கான சில்லறைக் கட்டணங்களையும் கூட்டி, முழுத் தொகையையே ஒப்பிடல் வேண்டும். தொழில் வழங்குநர் ஊழியரின் கல்விக்கு ஆண்டொன்றுக்கு 5,250 டொலர்வரை அளிக்கும் உதவிக்கு அந்நாட்டிலே ஊழியர் வருமானவரி செலுத்த வேண்டுவதில்லை. பல வைத்தியசாலைகள் இவ்வுதவியை அளிக்கின்றன. எனவே, கடன் வாங்குமுன் தன் வைத்தியசாலை அலுவலகத்தில் விசாரித்தல் நன்று. எனினும், உதவி பெற்றபின் எத்தனை ஆண்டு அங்கேயே கடமையாற்ற வேண்டும் என்பதையும் எழுத்திலே அறிந்துகொள்ளல் வேண்டும்.

நான்காவது, செய்முறைப் பயிற்சி. இணையவழி என்றதும் எல்லாம் வீட்டிலிருந்தே முடியும் என்று எண்ணுவாருளர். பல படிப்புகளிலே சமூக சுகாதாரம், தலைமைத்துவம் ஆகிய பாடங்களுக்கு நேரிற் பயிலும் மணித்தியாலங்கள் உண்டு. கலிபோர்னியா மாநிலத்திற் பொதுச் சுகாதாரத் தாதிக்குரிய சான்று பெற விரும்புவோர், மேற்பார்வையுடன் 90 மணித்தியாலம் பயின்றிருத்தல் வேண்டும். அப்பயிற்சிக்கு இடம் தேடித் தருவது கல்லூரியா, மாணவியா? தான் வசிக்கும் மாநிலத்தவரைச் சேர்க்க அக்கல்லூரிக்கு அனுமதி உண்டா? பணம் கட்டுமுன் இவற்றிற்கும் விடை பெறுதல் வேண்டும்.

என் மாணவி இவ்வினாக்களை எழுதி அவ்விளம்பரக் கல்லூரிக்கு அனுப்பினாள். அது போலியன்று, அங்கீகாரப் பட்டியலிலே இருந்தது. ஆனால், அவளிடமிருந்த 64 அலகுகளுள் நாற்பதையே ஏற்பதாகப் பதில் வந்தது. ஆறு மாதம் என்றது, பிற பாடங்கள் யாவும் முடித்து, வேறு வேலையின்றிக் கற்பவருக்காம்! பின்னர் அவள் தன் மாநிலத்து அரச பல்கலைக்கழகம் ஒன்றினை நாடினாள். அது 64 அலகுகளையும் ஏற்றது. பதினெட்டு மாதப் படிப்பு. கட்டணத்தில் ஒரு பகுதியை வைத்தியசாலை பொறுக்கின்றது. "ஆறு மாதத்தைத் தேடிப் போயிருந்தால் மூன்று வருடம் ஆகியிருக்கும், சேர்" என்று அவள் கூறியபோது எனக்கு ஆறுதல் உண்டாயிற்று.

நம் நாட்டிற் கடமையாற்றும் தாதியருக்கும் இவ்வழி புதியதன்று. 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், தொழில் புரியும் தாதியருக்குத் தொலைக்கல்வி வாயிலாகப் பட்டம் பெறும் வாய்ப்பைத் தொண்ணூறுகளிலேயே ஏற்படுத்திற்று. வெளிநாட்டுப் பட்டமொன்றை நாடுவோர், அதனை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் தொழில் வழங்குநரும் ஏற்பார்களா என்பதை முதலிலே உறுதிப்படுத்திக்கொள்ளல் வேண்டும்.

நேயர்களே, உங்கள் மகளோ தங்கையோ இத்தகைய விளம்பரத்தோடு வருவாளாயின், அவளுடைய ஆர்வத்தைத் தடுக்காதீர்கள். அங்கீகாரம், ஏற்கப்படும் அலகு, முழுச் செலவு, பயிற்சி ஆகிய நான்கையும் இந்த ஒழுங்கிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். விடைகளை எழுத்திலே பெறச் சொல்லுங்கள். இரவெல்லாம் பிறர் நோய்க்கு விழித்திருப்பவளின் உழைப்பும் பணமும் வீணாகாதிருக்க, அவளோடு கூட இருந்து கணக்குப் பார்ப்பது நம் கடமையாகும்.