திருவாதிரையை எழுதி வையுங்கள்

காவலூருக்கு நான் கிளம்புவது பெரும்பாலும் தை, மாசி மாதங்களில்தான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஜவ்வாது மலையை நனைத்துவிட்டுப் போன பிறகுதான் அங்கே வானம் நம்பும்படியாகத் தெளியும். பெங்களூரிலிருந்து வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம், அதன்பின் சந்தன மரங்கள் நிற்கும் மலைப்பாதை. கடல் மட்டத்துக்குச் சுமார் 725 மீட்டர் மேலே, இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியில் சில இரவுகள் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எந்த நட்சத்திரம், எதற்காக, எத்தனை மணி நேரம், நிலா இருந்தால் பரவாயில்லையா என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியாக வேண்டும். ஒரு குழு அவற்றைப் படித்துப் பார்த்து இரவுகளைப் பங்கிடும். நமக்குக் கிடைத்த இரவில் மேகம் மூடினால் அந்த இரவு போனதுதான். அடுத்த இரவு வேறொருவருடையது.

வேலை மதியமே ஆரம்பித்துவிடும். ஒளியைப் பதிவு செய்யும் சிசிடி கருவி உறைகுளிரில் இருந்தால்தான் ஒழுங்காக எண்ணும். சூடு இருந்தால் வராத வெளிச்சத்தையும் வந்ததாகக் காட்டும். அதனால் முதலில் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். குழாய் வாயில் வெள்ளை ஆவி கிளம்பும், உலோகத்தில் உறைபனி பூக்கும். பிறகு இருட்டறையில் வெறும் பதிவுகள் எடுத்து, கருவியின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்று பார்ப்போம். அதன் பின் சீரான ஒரு விளக்கைக் காட்டி, சிசிடியின் எந்தப் புள்ளி ஒளியைக் கூட்டிச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது என்று கணக்கெடுப்போம். கடைசியாக தோரியம்-ஆர்கான் விளக்கு. அதன் ஒளியைப் பிரித்தால் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் வரும், ஒவ்வொன்றின் அலைநீளமும் துல்லியமாகத் தெரிந்ததே. நட்சத்திர ஒளியை அளக்க அதுதான் எங்கள் அளவுகோல். இத்தனையும் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நட்சத்திரத்திலிருந்து ஒரு துளி ஒளிகூட இன்னும் வந்திருக்காது.

இரவில் கண்ணை வைத்துப் பார்க்க எங்கள் வேலையில் இடமே இல்லை. தொலைநோக்கி திரட்டும் ஒளி ஒரு கண்ணாடி இழை வழியாகக் கீழே, ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நிறமாலைமானிக்கு இறங்குகிறது. நான் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஒரு பதிவு அரை மணி, முக்கால் மணி ஓடும். அவ்வளவு நேரமும் நட்சத்திரம் இழையின் வாயை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவிக்கு இருக்கும் அண்ணன் இந்த மலைக்காரர். வானத்தின் போக்கு அவருக்கு அத்துப்படி.

“மேடம், ஈரம் தொண்ணூறைத் தொட்டுடுச்சு. மூடிடலாமா?”

“இந்தப் பதிவு முடிய இன்னும் ஆறு நிமிஷம் இருக்கே அண்ணா.”

“கண்ணாடி நனைஞ்சா என்ன பண்றது?”

மூடச் சொல்லிவிடுவேன். தொலைநோக்கியின் அந்தக் கண்ணாடியைப் பற்றித் தெரிந்தவர் வேறு பேச முடியாது. டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கண்ணாடி வெறும் தாங்கிதான். ஒளியைத் திருப்பி அனுப்புவது அதன் மேல் படிந்துள்ள அலுமினியப் பூச்சு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் அந்தப் பரப்பு முழுவதற்கும் ஆகும் அலுமினியம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பூச்சு மங்கினால் கண்ணாடியைக் கழற்றி இறக்கி, கழுவி, வெற்றிடத் தொட்டியில் வைத்துப் புதிதாகப் பூச வேண்டும். இந்தத் தொலைநோக்கியை இந்த நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று நின்றவர் வானியலாளர் வைணு பாப்பு. 1982-ல் அவர் காலமானார். 1986-ல் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியபோது அவர் பெயரையே வைத்தார்கள்.

நான் பின்தொடர்வது ஒளி மாறும் நட்சத்திரங்களை, அதிலும் வடமகுடம் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள ஆர் என்ற நட்சத்திரத்தையும் அதன் இனத்தையும். மாசி மாதத்தில் அது நள்ளிரவு வாக்கில் எழும்பி விடியலுக்கு முன் உச்சிக்கு வரும், ஆகவே என் முக்கியமான நேரம் பின்னிரவுதான். சாதாரணமாக அது வெறுங்கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஆறாம் ஒளிப்படியில் இருக்கும் (படி எண் கூடக் கூட வெளிச்சம் குறைவு). பல மாதங்கள், சில சமயம் ஆண்டுக்கணக்கில், அப்படியே இருந்துவிட்டுத் திடீரென்று சில வாரங்களில் மங்கி விழும். பதினான்காம் படி வரைகூட இறங்கியிருக்கிறது. அதாவது ஆயிரத்து அறுநூறு மடங்கு வெளிச்சம் குறைகிறது. 2007-ல் அப்படி விழுந்தது பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன. நட்சத்திரம் அணைந்துவிடவில்லை. அதன் வளிமண்டலத்தில் ஹைட்ரஜன் மிகக் குறைவு, கார்பன் அதிகம். அந்தக் கார்பன் வெளியேறிக் குளிர்ந்து, அரிக்கேன் விளக்கின் சிம்னியில் கரி படிவது போல, நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே திரையாகிவிடுகிறது.

அந்த மங்கலான காலத்தில்தான் அதன் நிறமாலை மிகவும் ருசிகரமானது. திரையில் ஒளிப்பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரும். வழக்கமாக அவற்றின் குறுக்கே கறுப்பு வெட்டுகள் இருக்கும், ஒவ்வொரு வெட்டும் ஒரு தனிமத்தின் தடம். நட்சத்திரம் மறைந்த நாட்களில், 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் இடங்களில் கறுப்புக்குப் பதில் சோடியம் பளிச்சென்று ஒளிரும், அதுவும் அகலமாகப் பரந்து. அந்த அகலத்திலிருந்து வாயுவின் வேகத்தைக் கணக்கிடலாம். நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! ஊர்களிலிருந்து வரும் சோடிய விளக்கின் வெளிச்சமும் வானத்தில் சிதறி இதே இடத்தில்தான் வந்து விழும். சில ஆயிரம் ஒளியாண்டு கடந்து வந்த சோடியத்தையும் தெருவிளக்குச் சோடியத்தையும் பிரித்தெடுப்பதில் என் பகல்கள் பல போயிருக்கின்றன. அதில் ஒரு பொழுதும் எனக்குச் சலித்ததில்லை.

ஆண்டின் மற்ற நாட்கள் பெங்களூரில், கணினி முன்னால். பதிவுகளைச் சுத்தம் செய்வது, நிரல் எழுதுவது, மாணவர்களோடு வாதாடுவது, கட்டுரை எழுதுவது.

இந்தத் தொழிலில் நான் பெரிதாக மதிப்பது கண்டுபிடிப்பைவிடப் பதிவைத்தான். கண்டுபிடிப்பு எப்போதாவது வரும். பதிவு எல்லா நாளும் நடக்க வேண்டும். நாங்கள் இன்றும் பயன்படுத்தும் ஒளிப்படி அளவு, ஐந்து படிக்கு நூறு மடங்கு என்ற கணக்கு, நார்மன் போக்சன் 1856-ல் வகுத்தது. அவர் 1861-ல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நட்சத்திரங்களின் இடத்தை இரவுதோறும் அளந்து பட்டியல் போடுவது அவர் வேலை. அந்த அன்றாடப் பட்டியலிலிருந்துதான் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுகிறது என்று 1867-ல் கண்டார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறு நூலும் எழுதினார். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அந்த வானாய்வகத்தின் 1792-ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது, தமிழ்ப் பொறிப்போடு. சென்னையில் இருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

காவலூரில் 1977 மார்ச் 10-ஆம் தேதி நடந்ததும் பதிவின் கதைதான். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் காத்திருந்தார்கள். கோள் வந்து சேரும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் தாழ்ந்து எழுந்தது. யுரேனஸின் நிலவு ஒன்று குறுக்கே போயிருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். அதே இரவில் வேறு இடங்களில், பறக்கும் விமானத்திலிருந்துகூட, எடுத்த பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது: யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன.

இனி, நீங்கள் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய நட்சத்திரத்துக்கு வருகிறேன். திருவாதிரை. அதன் ஒளி மாறுவதை ஜான் ஹெர்ஷல் 1836-லேயே கவனித்தார். 2019 டிசம்பரில் அமெரிக்காவின் எட்வர்ட் கினனும் ரிச்சர்ட் வாசட்டோனிக்கும் ஒரு செய்தி அனுப்பினார்கள்: தாங்கள் இருபத்தைந்து ஆண்டாக வைத்திருக்கும் கணக்கில் திருவாதிரை இவ்வளவு மங்கியதே இல்லை என்று. 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியது. வெடிக்கப் போகிறது என்று உலகமே பேசியது. வெடிக்கவில்லை. மேற்பரப்பிலிருந்து வெளியே வீசப்பட்ட பொருள் குளிர்ந்து தூசியாகி, நட்சத்திரத்தின் ஒரு பக்கத்தை நம்மிடமிருந்து மறைத்திருந்தது. ஏப்ரல் வாக்கில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு கையில் இல்லையென்றால் அந்த மங்கலைக் கண்டு பதற்றப்படவும் முடிந்திருக்காது, அமைதியடையவும் முடிந்திருக்காது.

அந்தக் கணக்கை நீங்களும் எழுதலாம். தை மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு அண்ணாந்து பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அவற்றுக்கு வடக்கே செந்நிறத்தில் இருப்பது திருவாதிரை. அதற்கு மேற்கே ரோகிணி, கிழக்கே புரோசியான். புரோசியானின் ஒளிப்படி 0.4, ரோகிணியின் ஒளிப்படி 0.9. எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதல். திருவாதிரை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று மதிப்பிட்டு ஒரு எண் போடுங்கள். சரிபாதியாகப் பட்டால் 0.6 அல்லது 0.7. சிவந்த நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது இருப்பதைவிடப் பிரகாசமாகத் தோன்றும், ஆகவே சட்டென்று பார்த்துச் சட்டென்று கண்ணை எடுத்துவிடுங்கள். மார்கழித் திருவாதிரையன்று முழுநிலா பக்கத்திலேயே நிற்கும். அன்று களி சாப்பிடுங்கள், கணக்கை ஒரு வாரம் கழித்து எடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும். ஆனியில் சூரியனே திருவாதிரைக்கு வந்துவிடுவதால் அதையொட்டிச் சில மாதம் இடைவெளி விழும், அதுபற்றிக் கவலை வேண்டாம்.

ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பதிவு செய்வோருக்காக அமெரிக்காவில் 1911-ல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ என்ற சங்கம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யார் அனுப்பும் பதிவையும் ஏற்றுக்கொள்கிறது. வெறுங்கண் பதிவுக்கும் அங்கே இடம் உண்டு. ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், ஒப்பிட்ட நட்சத்திரங்கள், நீங்கள் போட்ட எண், வானம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் நோட்டை அவர்கள் கையில் கொடுங்கள். வருகிற தையிலேயே தொடங்குங்கள்.