விரல் போனால் யார் பொறுப்பு?

தச்சு வேலை பழக வரும் பையனுக்கு மேஸ்திரி உளி பிடிக்கவும், இழைப்புளி தள்ளவும் சொல்லித் தருகிறார். கை வெட்டுப்பட்டால் சட்டப்படி என்ன கிடைக்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. தொழிலில் நுழையும்போதே அதையும் படித்துக்கொள்ள வேண்டும்.

ஆபத்து எங்கே?

ஆங்கிள் கிரைண்டரின் பாதுகாப்புக் கார்டைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டும் பழக்கம் பல சைட்டுகளில் இருக்கிறது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். மரக்கணுவில் பல் சிக்கினால் மெஷின் கைமேல் திரும்பிவிடும். மரம் அறுப்பதற்கென்று உள்ள கட்டிங் மெஷினையே கேட்டு வாங்குங்கள்.

தூசியும் விஷம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளையும் பிளைவுட் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடையும் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதிசெய்துள்ளது. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூளைத் தடுக்காது. என்95 மாஸ்க் வேண்டும்.

இழப்பீடு உங்கள் உரிமை

வேலையின்போது காயம்பட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும். 1923-இல் சட்டமான இந்த உரிமை இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது. கட்டை விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். மாதக் கூலியை 15,000 ரூபாய் என்று கொண்டால், கட்டை விரலை இழந்த 30 வயதுக்காரருக்குச் சுமார் 5.6 லட்சம் ரூபாய் வர வேண்டும். மருத்துவச் செலவு தனி. ஆனால் பலருக்குக் கிடைப்பது ஆஸ்பத்திரி பில்லும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும்தான்.

கட்டுமான நிறுவனம் ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கியிருந்தாலும் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம். 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று எழுதி வாங்கியிருந்தால் அந்தக் காகிதம் செல்லாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பாதுகாப்புக் கார்டைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால், உயிரிழப்பு, முழு ஊனம் தவிர்த்த மற்ற காயங்களுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

விபத்து நடந்தால்

துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

'வீட்டில் விழுந்துட்டேன்னு சொல்லு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எந்த சைட்டில், எந்த மெஷினில் அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். விபத்துப் பதிவேட்டு நகலை வாங்கி வையுங்கள். கூலி வந்த ஜிபே பதிவு, வாட்ஸ்அப் செய்தி, உடன் வேலை செய்தவரின் சாட்சி எல்லாமே ஆதாரம்தான். இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். இலவச சட்ட உதவிக்கான எண் 15100.

பதிவு செய்தீர்களா?

சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவருக்கு இழப்பீடு கேட்க முதலாளி இல்லை. அவருக்குத் துணை, 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம். 18 முதல் 60 வயது வரையுள்ள கட்டட வேலைத் தச்சர்கள் இலவசமாகப் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் இதன்வழி கிடைக்கும். பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பலன் நின்றுவிடும்.

புதிதாக வருபவர்கள் ஐடிஐ-யில் ஓராண்டு கார்பெண்டர் படிப்பு படிக்கலாம். சான்றிதழோடு மெஷினைப் பாதுகாப்பாகக் கையாளும் பழக்கமும் வரும். மேஸ்திரியிடம் பழகுபவர்கள் முதல் நாளே கூலி எவ்வளவு, மெஷினில் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நலவாரிய அட்டை இல்லாத தச்சர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே பதிவு செய்ய வையுங்கள்.