உப்பின் இரு பாதிகள்: உப்புவெளியிலிருந்து பரந்தன் வரை

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் கடற்கரை வீதியில் அமைந்துள்ளது உப்புவெளி. அதற்கு அப்பால், நிலாவெளியில், உப்பளங்கள் உள. கடலும் களப்பும் உவர்நிலமும் அடுத்தடுத்துக் கிடக்கும் இப்பகுதி மக்களுக்கு உப்பு என்பது ஒரு பொருளின் பெயர். கறிக்கு இடுவதும் கருவாட்டிற்குத் தூவுவதும் அதுவே. ஆயின் இரசாயனவியலில் உப்பு என்பது ஓர் இனத்தின் பெயர். அமிலமொன்றும் மூலமொன்றும் தாக்கமுற்றுத் தத்தம் இயல்பை இழக்கும்போது, நீருடன் சேர்ந்து உண்டாகும் பொருளே உப்பாகும். இவ்வரையறை பாடசாலைப் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. இத்தீவின் கைத்தொழில் வரலாற்றின் ஒரு பகுதியை விளங்கிக்கொள்வதற்கும் அது இன்றியமையாதது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேசிக்காயின் புளிப்பும் வினாகிரியின் புளிப்பும் அமிலத்தால் வருவன. சாம்பல் கரைத்த நீரின் வழுவழுப்பும், சுண்ணாம்பு நாவைச் சுடுவதும் மூலத்தின் இயல்புகள். நீரிற் கரையும் மூலங்களையே காரம் என்கிறோம். அமிலம் நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்கும். காரம் சிவப்புத் தாளை நீலமாக்கும். இவ்வேறுபாட்டின் காரணத்தை முதலில் தெளிவுறுத்தியவர் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு. பொருள்கள் நீரிற் கரைகையில் மின்னேற்றம் கொண்ட அயன்களாகப் பிரிகின்றன என்றும், ஐதரசன் அயனைத் தருவது அமிலம், ஐதரொட்சைட்டு அயனைத் தருவது மூலம் என்றும் 1880களில் அவர் விளக்கினார். 1923இல் டென்மார்க்கின் பிரென்சுதெட்டும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே இக்கருத்தை விரிவாக்கினர். அவர்கள் கூற்றுப்படி புரோத்தனை வழங்குவது அமிலம். அதனை ஏற்பது மூலம். இதனால் ஐதரொட்சைட்டு இல்லாத அமோனியாவும் மூலமாவது விளங்கிற்று.

ஐதரோக்குளோரிக்கமிலம் தோலை எரிக்கும். சோடியமைதரொட்சைட்டு, அதாவது எரிசோடா, தோலை அரிக்கும். ஆயினும் முன்னதில் 36.5 கிராமும் பின்னதில் 40 கிராமும் நீரிற் சந்திக்கும்போது, 58.5 கிராம் கறியுப்பும் 18 கிராம் நீருமே கிடைக்கின்றன. நுணுகி நோக்கின், உண்மையில் இணைவன ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனுமே. சோடியமும் குளோரைட்டும் கரைசலில் வாளா நின்று, நீர் வற்றியபின்னரே பளிங்காகக் கைகோக்கின்றன. இவ்விணைவின்போது ஏறத்தாழ 57 கிலோயூல் வெப்பம் வெளிவருகின்றது. இதனை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

எல்லா உப்புக்களும் நடுநிலையானவை எனக் கொள்ளலாகாது. வன்மையான அமிலமும் வன்மையான மூலமும் தந்த கறியுப்பு நடுநிலையானது. மென்மையான காபோனிக்கமிலத்திலிருந்து வந்த சலவைச்சோடா காரத்தன்மை காட்டும். மென்மையான மூலமாகிய அமோனியாவிலிருந்து வந்த அமோனியஞ் சல்பேற்று அமிலத்தன்மை காட்டும். வயலில் இவ்வுரத்தைத் தொடர்ந்து இடின் மண் புளிப்படைவதும் இதனோடு தொடர்புடையதே. பெற்றோரின் வன்மை மென்மை பிள்ளையிடம் தெரிகின்றது எனலாம்.

கடலும் இவ்விதிக்குப் புறம்பானதன்று. எரிமலைகள் உமிழ்ந்த அமில வாயுக்களும் பாறைகள் சிதைந்து தந்த மூலங்களும் நெடுங்காலம் ஒன்றையொன்று நடுநிலையாக்கியதன் விளைவே கடல்நீர் என, சுவீடன் நாட்டு இரசாயனவியலறிஞர் சில்லேன் 1961இல் விளக்கினார். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள. அவற்றுள் கறியுப்பு சுமார் 27 கிராம். கச்சான் காற்றும் வெயிலும் கூடிய மாதங்களில் உப்பளப் பாத்திகளில் நிகழ்வது இவ்வுப்புக்களைத் தரம்பிரிக்கும் வேலையே. முதலிற் சிறிதளவு கல்சியங் காபனேற்றுப் படியும். நீரின் கனவளவு ஏறத்தாழ ஐந்திலொன்றாகக் குறையும்போது கல்சியஞ் சல்பேற்றுப் படியும். பத்திலொன்றாகும்போதுதான் கறியுப்பு விளையத் தொடங்கும். எஞ்சும் கசப்புநீரில் மகனீசிய உப்புக்கள் மிகுந்திருக்கும். அந்நீரை உரிய வேளையில் வடிக்காவிடின் உப்புக் கசந்து, ஈரத்தை உறிஞ்சிக் கசியும். எந்தப் பாத்தியிலிருந்து எப்போது நீரைத் திருப்புவது என்பதை அறிந்த உப்பளத் தொழிலாளி, ஏட்டுக் கல்வியின்றியே இரசாயனவியல் செய்பவர்.

ஆனால் சூரியன் உப்பை நீரிலிருந்து பிரிக்குமேயன்றி, உப்பை அதன் இரு பாதிகளாகப் பிரிக்காது. அதற்கு மின் வேண்டும். செறிந்த உப்புக்கரைசலில் மின்னைச் செலுத்தினால் அனோட்டில் குளோரீனும், கதோட்டில் ஐதரசனும் அதனோடு எரிசோடாவும் கிடைக்கும். குளோரீனையும் ஐதரசனையும் சேர்த்து எரித்து நீரிற் கரைத்தால் ஐதரோக்குளோரிக்கமிலம் வரும். அமிலமும் மூலமும் சேர்ந்து உப்பான கதை இங்கே தலைகீழாக நிகழ்கின்றது. இணைவில் வெளிவந்த வெப்பத்தினும் பன்மடங்கு சக்தியை இதற்குச் செலவிட வேண்டும். ஒரு தொன் எரிசோடாவுக்கு 2000 கிலோவாற்று மணிக்கும் மேற்பட்ட மின் தேவைப்படுகின்றது.

இம்முறையே 1950களில் பரந்தனில் நிறுவப்பட்ட அரச இரசாயனத் தொழிற்சாலையிற் கையாளப்பட்டது. அண்மையிலிருந்த ஆனையிறவு உப்பளம் அதற்கு மூலப்பொருள் தந்தது. எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் வேண்டியது. குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்குவது. 1980களின் நடுப்பகுதியில் போரினால் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் அழிந்தது. போர் 2009இல் முடிந்த பின்னர் ஆனையிறவில் உப்பு மீண்டும் விளைந்தது. ஆயின் பரந்தனின் பெயர் தாங்கிய நிறுவனம் பிறநாட்டுக் குளோரீனை இறக்குமதி செய்து விநியோகிக்கும் நிலைக்கு வந்தது. நாற்புறமும் குளோரைட்டுக் கடல் சூழ்ந்த தீவு, தன் குடிநீரைத் தூய்மையாக்கக் குளோரீனை விலைகொடுத்து வாங்கிற்று. பருவந்தவறிய மழையால் உப்பு விளைவு குன்றியபோது, 2025இல் கறியுப்பையே இந்தியாவிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று.

பழைய ஆலையை அப்படியே மீள எழுப்புவதால் மட்டும் பயனில்லை. இத்தொழில் உலகெங்கும் நெடுங்காலம் இரசக்கலங்களை நம்பியிருந்து, நீரையும் மண்ணையும் நஞ்சாக்கிற்று. 2013இல் கைச்சாத்தான மினமாட்டா உடன்படிக்கை இத்தொழிலில் இரசத்தின் பாவனையை 2025உடன் ஒழிக்குமாறு விதித்தது. மென்சவ்வுக் கலங்கள் இரசமின்றி இவ்வேலையைச் செய்வன. அவற்றுக்கு மிகத் தூய உப்புக்கரைசல் வேண்டும். கல்சியமும் மகனீசியமும் நீக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆகவே பாத்தியில் கசப்புநீரை வடிக்கும் தொழிலாளியின் கைத்திறனே ஆலையின் முதற்படியாகின்றது. அத்திறனுக்கு உரிய கூலியும் மதிப்பும் கொடுக்காத திட்டம் எதுவும் நிலைக்காது.

உப்பை விளைவிக்கச் சூரியன் போதும். அதனைப் பிரித்துப் பயன்கொள்ள மின்சாரமும் கல்வியும் அமைதியும் வேண்டும். உப்பளத்தின் வெண்குவியலைக் காணும் மாணவன், அதனுள் ஓர் அமிலமும் ஒரு மூலமும் அடங்கிக் கிடப்பதையும் காணக் கற்பானாயின், இத்தீவில் எது இழக்கப்பட்டது, எது மீட்கப்பட வேண்டும் என்பதும் அவனுக்குப் புலனாகும்.